காத்து வந்துச்சா? – கத்திரியில் வடசென்னை, ஐந்து நாள்

முதல் நாள்: மண்ணடி

காலை பத்தரை. மண்ணடி மெட்ரோவின் ஏசியிலிருந்து படியேறி வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி பூத்துப்போகும். துடைத்துப் போட்டால் மறுபடியும் பூக்கும். வடசென்னைக்கு மே மாதத்தில் வருகிறவர்களுக்குக் கிடைக்கிற முதல் வானிலை அறிக்கை இதுதான்: வெப்பம் 36 டிகிரிதான் இருக்கும், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வேர்வை காயாது.

ஆட்டோ ஸ்டாண்டிலோ டீக்கடையிலோ "இன்னா வெயிலு" என்று யாராவது சொன்னால் "ஆமாங்க" என்று முடித்துவிடாதீர்கள். பேச்சு அங்கேயே செத்துவிடும். கையில் ஏதாவது ஒரு தகவலோடு பதில் சொல்ல வேண்டும். "நேத்து ஒரு மணிக்கெல்லாம் காத்து வந்துச்சுண்ணா, இன்னைக்கு இன்னும் காணோமே" என்றால் போதும், பெஞ்சில் இடம் கிடைத்துவிடும். இங்கே வெயிலைப் பற்றிய பேச்சு பொழுதுபோக்குக்கு இல்லை. துணி எப்போது காயப்போடுவது, மீனை எப்போது வாங்குவது, தண்ணீர் எத்தனை குடம் பிடித்து வைப்பது என்பதெல்லாம் அந்தப் பேச்சுக்குள்ளேதான் இருக்கிறது.

அழைக்கும் முறை ஒன்றைக் கவனிக்கவும். ஆட்டோக்காரர் அண்ணா. மீன் விற்கிறவர் அக்கா, வயதானவர் என்றால் அம்மா. பெரியவரை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் 'நைனா' என்பார்கள். வெளியூர்க்காரர்கள் 'ஐயா' என்றே சொல்லலாம். சினிமாவில் கேட்ட 'இன்னாபா, கீதுபா'வை எடுத்து விடுவது மட்டும் வேண்டாம். கேலி செய்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அதில் தப்பும் இல்லை.

'காத்து' என்றால் கடல்காற்று. தரை சூடேறி அதன் மேலிருக்கும் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நல்ல நாளில் பன்னிரண்டு மணியை ஒட்டி வந்துவிடும். மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக அடித்தால் அது கடல்காற்றை வாசலிலேயே நிறுத்தி வைக்கும். இரண்டு, மூன்று மணி வரை உள்ளே விடாது. 40 டிகிரியைத் தாண்டுவது அந்த நாட்களில்தான்.

கத்திரி மே 4 தொடங்கி 28 வரை என்பது பஞ்சாங்கக் கணக்கு. "கத்திரி முடிஞ்சா சரியாப் போயிடும்" என்பவரிடம் வாதாட வேண்டாம், ஆனால் நம்பிவிடவும் வேண்டாம். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31-இல், கத்திரி முடிந்த பிறகு. மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெறத் தொடங்கும். மேற்குக் காற்று ஏறும், கடல்காற்று தாமதமாகும்.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ கடைகள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. வேகவைத்த ஆரஞ்சு நிறத் தடித்த நூடுல்ஸ் ஒரு கைப்பிடி, மெல்லிசாகச் சீவிய முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், உப்பு, கொரகொரப்பான மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பாகப் பொரித்த தட்டை). எல்லாம் ஒரு கிண்ணத்தில் விழ, கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். இந்த வெயிலுக்கு "எண்ணெய் கம்மி, புளி தூக்கலா" என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் தூக்கலாகப் போனால் ராத்திரி முழுக்கத் தண்ணீர்த் தாகம் எடுக்கும். ஆறரையிலிருந்து எட்டுக்குள் போவது நல்லது. பேஜோவைப் பிசைந்தவுடனே சாப்பிட வேண்டும். இந்த ஈரக்காற்றில் ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தால் நமுத்துவிடும். பேச்சைச் சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: காசிமேடு

விடியலில் நாலு மணிக்கு ராயபுரம் பக்கமிருந்து ஆட்டோ. வழியில் தெரிகிற ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் கிளம்பியது.

துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருகும் பருவம் என்பதற்காக. மரவேலை, பெயின்ட், எஞ்சின் பிரிப்பது, வலை பின்னுவது எல்லாம் இந்த இரண்டு மாசத்தில் முடித்தாக வேண்டும். ஃபைபர் போட்டுகளுக்கும் கட்டுமரத்துக்கும் தடை இல்லை. அவை கரையை ஒட்டிப் போய்வருகின்றன. மீன் கிடைக்கும், விலைதான் கையைக் கடிக்கும்.

விலையை எடுத்தவுடன் கேட்காமல் "காத்து எப்படிக்கா?" என்று ஆரம்பியுங்கள். வருகிற பதிலில் அன்றைய சந்தை முழுவதும் இருக்கும். இங்கே காற்றுக்குப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கே கடலிலிருந்து வருவது கொண்டல். மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிப்பது கச்சான். நீரோட்டத்துக்கும் தனிப் பெயர்: தெற்கிலிருந்து வடக்கே இழுத்தால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே இழுத்தால் வன்னி. "கச்சான் தூக்கி அடிக்குது" என்றால், காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிறது. போகும்போது சுகம், திரும்பும்போது எதிர்க்காற்றில் எஞ்சின் எண்ணெயை அதிகம் குடிக்கும். ஆகவே சின்னப் படகுகள் தூரம் போயிருக்காது, வரத்து குறைவு. அக்கா சொன்ன அந்த ஒரு வரியிலேயே பேரத்தின் எல்லை வந்துவிட்டது. அதற்கு மேல் அடித்துக் கேட்பது மரியாதை இல்லை.

பாய்மரம் கட்டிய காலத்தின் நேரக்கணக்கு இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. ராத்திரி தரை சீக்கிரம் குளிர்ந்து, காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். அதைப் பிடித்து விடியலில் போவார்கள். மதியம் கடல்காற்றைப் பிடித்துத் திரும்புவார்கள். இப்போது எஞ்சின் இருக்கிறது, ஆனாலும் கடல்காற்று ஏறிய பிறகு தண்ணீர் சிலுசிலுப்பாகிக் குட்டி அலை எழும்பும். அதற்குள் கரை சேர்வதைத்தான் விரும்புகிறார்கள்.

தடைக்காலத்தில் "லோக்கலா, வண்டி மீனா?" என்று கேட்டு வாங்க வேண்டும். மேற்குக் கடற்கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் அந்தப் பக்கத்து மீன் லாரியில் வருகிறது. வண்டி மீன் கெட்ட மீன் இல்லை, ஐஸில் நாள் கடந்திருக்கும், அவ்வளவுதான். கண் குழிந்து பால் படர்ந்திருக்கிறதா, செவுள் சிவப்பா பழுப்பா, விரலால் அமுக்கினால் குழி மேலே வருகிறதா, மூன்றையும் பாருங்கள். செவுளை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். கண் பொய் சொல்லாது. சங்கராவுக்கு மட்டும் கவனம் தேவை, உடம்பே சிவப்பாக இருப்பதால் வாடியது சட்டென்று தெரியாது. வயிற்றுப் பக்கத்தை அமுக்கிப் பாருங்கள்.

கத்திரியில் மீன் வாங்கிக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ் என்பது கணக்கு. அடியில் ஒரு படுக்கை, மேலே ஒரு படுக்கை. வெட்டிய மீன் என்றால் கவரில் கட்டி ஐஸுக்குள் வைக்க வேண்டும். உருகிய தண்ணீரில் துண்டு ஊறினால் ருசி முழுக்கத் தண்ணீரோடு போய்விடும். வெட்டுக்கூலி தனி, வாங்கிய இடத்தில் கொடுத்த காசில் அது சேராது. பெட்டியில் வடிகால் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆட்டோ சீட்டு நாறும், அப்புறம் அந்த அண்ணனோடு வெயிலைப் பற்றி என்ன பேசினாலும் எடுபடாது.

துறைமுகப் பேச்சில் இன்னொரு சொல் உண்டு: கூண்டு, அதாவது துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கை. "எத்தனாம் நம்பர் கூண்டு?" என்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் உரிய கேள்வி, ஆனால் எப்போது கேட்டாலும் விளக்கம் சொல்ல ஆள் இருக்கிறது. 1, 2 என்றால் புயல் எங்கோ தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 5, 8 புயல் ஒரு பக்கமாகக் கடக்கும், 6, 9 மறு பக்கமாக, 7, 10 தலைக்கு மேலேயே அல்லது பக்கத்திலேயே. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. டிவியில் "3-ஆம் எண் கூண்டு" என்றதும் பதறுகிற வெளியூர்க்காரர்களுக்கு இந்த வரிசை தெரிந்திருந்தால் போதும். 2016 டிசம்பர் 12 வர்தாவைப் பார்த்தவர்கள் காசிமேட்டில் 3-க்கு வலையை மட்டும்தான் எடுத்து உள்ளே வைப்பார்கள்.

மூன்றாம் நாள்: வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை

எம்.சி. ரோடு துணிக்கடைகளை விடுங்கள், அதைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. காலை ஐந்தரைக்குப் பின்தெருவில் நடந்தால் கேட்கிற சத்தம் வேறு. க்ரீச்... டக். க்ரீச்... டக். அடி பம்பு.

"தண்ணி வந்துச்சா?" என்பது இங்கே நலம் விசாரிப்பு. பழைய வீடுகளின் வாசலில் இரண்டு பம்பு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று மெட்ரோ வாட்டர் லைனில் இணைத்தது, குடிக்க. மற்றது நிலத்தடி நீர், புழங்க. கடல் பக்கத்தில் இருப்பதால் நிலத்தடி நீர் உப்பு. சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளைப் படலம் நிற்கும். எந்தப் பம்பு எது என்று கேட்காமல் கை கழுவப் போய்க் குடிநீரை வீணாக்கிவிடாதீர்கள். அதற்குத்தான் இங்கே முகம் சுளிப்பார்கள்.

லைனில் அழுத்தம் குறைவு. தண்ணீர் தானாக மேலே ஏறாது, அடித்து உறிஞ்ச வேண்டும். இரண்டு மூன்று நாள் வராமல் இருந்து வந்தால் பம்பு முதலில் வெறும் காற்றைத்தான் அடிக்கும். உள்ளே இருக்கிற தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். சிலிண்டரின் சுவரை ஒட்டிப் பிடிக்காது. மேலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, விடாமல் இருபது முப்பது தடவை அடித்தால் வாஷர் ஊறிப் பிடித்துக்கொள்ளும். அதற்காகவே முந்தின நாள் தண்ணீரில் ஒரு சொம்பை யாரும் தொடாமல் ஓரமாக வைத்திருப்பார்கள். பிறகும் பிடிக்கவில்லை என்றால் வாஷர் கிழிந்திருக்கிறது, அல்லது அடி வால்வில் மண் உட்கார்ந்திருக்கிறது. கைப்பிடி கனமே இல்லாமல் லொடலொட என்று ஆடினால் வாஷர். தண்ணீர் வந்து, கை நிறுத்தியவுடன் கீழே இறங்கிவிட்டால் வால்வு.

இரண்டும் சரியாக இருந்து தண்ணீர் மட்டும் வரவில்லையா? "எவனோ மோட்டர் போட்டுட்டான்" என்ற குரல் தெருக்கோடியிலிருந்து வரும். லைனில் நேராக மோட்டர் வைத்து இழுப்பது சட்டப்படி தப்பு. ஒருவர் இழுத்தால் அடுத்த பத்து வீட்டுப் பம்பும் வறண்டுவிடும். இந்தப் பேச்சில் வெளியூர்க்காரர்கள் கருத்துச் சொல்லாமல் இருப்பது உத்தமம்.

முதல் இரண்டு குடம் துரு கலந்து பழுப்பாக வரும். அது வாசல் தெளிக்க, பாத்ரூமுக்கு. மூன்றாவது குடத்திலிருந்துதான் வெள்ளைத் துணியை வாயில் கட்டிப் பிடிப்பார்கள். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன். அந்தத் தண்ணீரும் வடசென்னைக் குழாய்களுக்கு வருகிறது. "இன்னைக்குக் கடத்தண்ணி, டேஸ்டே இல்ல" என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது இதைத்தான்.

பதினோரு மணிக்குத் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் ஊற்றுகிற அதே கூழ்தான், வெயில் காலத்தில் தெருமுனைக்கு வந்துவிடுகிறது. செய்முறை கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்; பேச்சுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. 200 கிராம் மாவை 400 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மார்கழியில் ராத்திரி முழுக்க ஆகும், கத்திரியில் ஆறு மணி நேரமே போதும். விட்டால் புளிப்பு ஏறி நாக்கைச் சுரண்டும். 100 கிராம் நொய்யை ஒரு லிட்டர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, தீயைக் குறைத்து, கரைத்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிண்ட வேண்டும். கை நின்றால் கட்டி விழும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் நிறம் கறுத்துப் பளபளக்கும். ஈர விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் மாவு வேகவில்லை, குடித்தவர் வயிறு சாயங்காலம் சொல்லிவிடும். ஆறிய பிறகு மோர், உப்பு, சின்ன வெங்காயம் போட்டுக் கையாலேயே கரைப்பார்கள்.

சொம்பில் வாங்கிக் குடியுங்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு, கருவாடு. "எந்தத் தண்ணிக்கா கரைச்சீங்க?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள். ஈரத்துணி சுற்றிய பானையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வண்டியாகப் பாருங்கள்.

நான்காம் நாள்: வியாசர்பாடி

இன்று சுருக்கம். கால்பந்து மைதானத்தில் ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்குகிறது, எட்டரைக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மண் காலைச் சுடும்.

மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதம் இது. "மேல அடிச்சாச்சா?" என்று ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குக் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு கிலோ சுண்ணாம்புக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துக் கண்ணில் தெறிக்கும். நீர்த்துப்போகாத கல் சுண்ணாம்பு என்றால் பிளாஸ்டிக் பக்கெட் இளகிவிடும், இரும்பு டிரம் வேண்டும். ஒரு ராத்திரி ஊறவிட்டு, வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து அடிப்பார்கள். வெயில் இறங்கிய பிறகு, தளத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். சுடுகிற தளத்தில் அடித்தால் உடனே காய்ந்து, அடுத்த வாரம் மாவாக உதிர்ந்து காலில் ஒட்டும். இரண்டு பூச்சு. கீழே வீட்டில் ஃபேன் காற்றின் அனல் குறைவது அன்று ராத்திரியே தெரியும். ஷீட்டு வீடுகளுக்கு இது போதாது. அங்கே ஈரச் சாக்குதான்.

மே மாதத்திலேயே மழைப் பேச்சும் உண்டு: "கால்வாய் தூர் வாரறாங்களா?" இங்கே மழைக்கு அளவு சென்டிமீட்டரில் இல்லை. கணுக்கால், முட்டி, இடுப்பு. 2015 வெள்ளத்திலும் 2023 வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். நிலம் தட்டை, கடல் மட்டத்துக்கு மேல் கொஞ்சம்தான் உயரம். ஓட்டேரி நல்லா என்ற ஓடையும் பக்கிங்காம் கால்வாயும் கடைசியில் கடலில்தான் வடிய வேண்டும். கடல் ஏறி நிற்கும்போது மழை கொட்டினால் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தெருவுக்குத் திரும்பும். அதனால்தான் பெருமழை அறிவிப்பு வந்தால் பெரியவர்கள் "அமாவாசை என்னைக்கு?" என்று கேட்கிறார்கள். மூடநம்பிக்கை இல்லை அது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் அதிகம் ஏறும்.

ஐந்தாம் நாள்: திருவொற்றியூர், எண்ணூர்

மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி. தியாகராஜர் கோயில், வடிவுடையம்மன். காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், வெளிப்பிராகாரத்துக் கல் சூடேறிவிட்டால் ஓட வேண்டியிருக்கும். மூலவர் ஆதிபுரீசுவரரை ஆண்டு முழுவதும் கவசத்தோடுதான் பார்க்க முடியும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறந்து புனுகுத் தைலம் சாத்துவார்கள். அது வாடைக் காலம், வேறு பயணம்.

பட்டினத்தார் சமாதியைத் தாண்டிக் கடலுக்குப் போனால் மணல் இல்லை, கருங்கல்தான். "முன்னெல்லாம் கடல் அந்தாண்ட இருந்துச்சு" என்று சொல்லாத பெரியவர் இங்கே கிடையாது. காரணம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆண்டின் பெரும்பகுதி தெண்டிதான் இழுக்கிறது, மணலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். நடுவில் சென்னைத் துறைமுகத்தின் கல் சுவர் வந்தது. மணல் அதன் தெற்கே தங்கி மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டியது வராமல் இங்கே கரை கரைந்தது. தூண்டில் வளைவுகள் (கடலுக்குள் நீட்டிய கல் தடுப்புகள்) போட்ட இடங்களில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

எண்ணூருக்கு எக்ஸ்பிரஸ் சாலையில் போகையில் வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். சென்னையில் இதைவிடப் பெரிய காற்றுத் திசைகாட்டி கிடையாது. புகை கடல் பக்கம் சாய்ந்தால் தரைக்காற்று. நேராக எழும்பினால் காற்று மாறுகிற நேரம். மேற்கே சாய்ந்துவிட்டதா, கடல்காற்று வந்துவிட்டது, இன்னும் அரை மணியில் நிழலில் உட்கார முடியும்.

காற்றின் திசை இங்கே மூக்குக்கும் தெரியும். மணலியின் ஆலைகள் திருவொற்றியூருக்கு மேற்கே. ராத்திரியும் விடியலும் தரைக்காற்று அந்த ஆலை நாற்றத்தை இந்தப் பக்கம் கொண்டுவரும். மதியம் கடல்காற்று அதையே மாதவரம் பக்கம் தள்ளும். "ராத்திரி தூங்க முடிஞ்சுதா?" என்று கேட்டால், வெயிலா, கொசுவா, நாற்றமா என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். 2023 டிசம்பரில் புயல் மழையோடு எண்ணெய் முகத்துவாரத்தில் படர்ந்ததும், அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததும் இன்னும் பேச்சில் இருக்கின்றன. அந்த மாதிரி நேரத்துக்கு அவர்கள் சொல்லித்தருவது: ஈரத்துணியை மூக்கில் கட்டு, காற்று போகிற திசையிலேயே ஓடாதே, குறுக்கே ஓடு.

மாலை ஐந்தரை, முகத்துவாரப் பாலம். கழிமுகத்தில் இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருக்கிறார்கள். புகை மேற்கே சாய்ந்து கிடக்கிறது. அதற்கும் பின்னால், திருவள்ளூர் பக்கம், பஞ்சு மாதிரி ஒரு மேகம் எழும்பித் தலை தட்டையாகப் பரந்திருக்கிறது. கடல்காற்று உள்ளே போய் மேற்குக் காற்றோடு மோதுகிற இடம் அது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கடலைப் பார்க்க வேண்டும். இந்த மாத மழைக்கு மேற்கைத்தான் பார்க்க வேண்டும். மேகத்தின் தட்டைத் தலை நம் பக்கம் நீண்டு, அடியில் மின்னல் தெரிந்தால் ஒன்பது, பத்து மணிக்குள் புழுதிக் காற்றோடு வந்து ஊற்றும். தலை உடைந்து பிசிறாகிவிட்டால் இடி மட்டும் கேட்கும், இன்னும் கூடப் புழுங்கும்.

"வருமாண்ணா?"

வலையை உதறிக்கொண்டிருந்தவர் திரும்பி மேற்கைப் பார்க்கிறார். "தலை இன்னும் உடையல. மாடில துணி கீதா? எடுத்துடு."